ஏர்லி டிசிஷனில் சீட் கிடைத்துவிட்டது, மற்ற அப்ளிகேஷன்களை இப்பவே வாபஸ் வாங்கணுமா?

காட்பாடி சித்தப்பா

அண்ணன் மகளுக்கு அமெரிக்காவில் ஒரு காலேஜில் ஏர்லி டிசிஷனில் (கிடைத்தால் கண்டிப்பாகச் சேர்கிறேன் என்று முன்கூட்டியே உறுதி சொல்லி அப்ளை செய்யும் முறை) அட்மிஷன் கிடைத்திருக்கிறது. அங்கே சாயங்காலம் ரிசல்ட் போட்டால் நமக்கு விடியற்காலை, அதனால் அன்றைக்கு வீட்டில் யாரும் தூங்கவில்லை. சந்தோஷம் எல்லாம் சரி, இப்போது வீட்டில் வேறு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார், ஜாப் ஒர்க்தான். முழு ஃபீஸ் கட்ட வழியே இல்லை, அதனால் உதவித்தொகை கேட்டுத்தான் அப்ளை பண்ணியது. அட்மிஷன் லெட்டர் வந்துவிட்டது, ஆனால் உதவி எவ்வளவு என்ற லெட்டர் இன்னும் வரவில்லை. வருமானம் சம்பந்தமான ஒரு பேப்பர் பாக்கி என்று போர்ட்டலில் காட்டுகிறது, அதை ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறோம்.

இதற்கு நடுவில், அந்த உறுதி கேட்காத வழக்கமான ரெகுலர் டிசிஷனில் சில காலேஜுக்கு ஏற்கெனவே அப்ளிகேஷன் அனுப்பியாச்சு. இன்னும் சிலது காமன் ஆப்பில் (பல காலேஜுக்கு ஒரே இடத்தில் அப்ளை செய்யும் வெப்சைட்) பாதி எழுதி அப்படியே நிற்கிறது, கடைசித் தேதி ஜனவரி ஆரம்பத்தில். ஏர்லி டிசிஷனில் கிடைத்தால் மற்றதை எல்லாம் வாபஸ் வாங்கணும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்கிறாள் பெண். அண்ணனோ, "விசா கைக்கு வர்ற வரைக்கும் எதையும் விடக்கூடாது, நம்ம ஊர்ல நாலு காலேஜ்ல சீட்டைப் பிடிச்சு வெச்சிட்டு கடைசியில ஒண்ணுல சேர்றதில்லையா" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் டாலரில் ஃபீஸ் வேறு கட்டியிருக்கிறோம்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாபஸ் எப்போது வாங்குவது, எப்படி வாங்குவது, வாங்காவிட்டால் என்ன ஆகும்?

சத்துவாச்சாரி அம்மா

முதலில் பாப்பாவுக்கு வாழ்த்துகள். என் பையனும் இதே வழியில்தான் போனான், அதனால் சொல்கிறேன்.

பதறி இன்றைக்கே எல்லாவற்றையும் வாபஸ் வாங்க வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த ஏர்லி டிசிஷன் ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். காமன் ஆப்பில் இருக்கும் வாசகத்தில், உதவித்தொகை கேட்டிருப்பவர்கள் உதவி பற்றிய முடிவு வரும் வரை மற்ற அப்ளிகேஷன்களை வாபஸ் வாங்கத் தேவையில்லை என்று தெளிவாகவே இருக்கிறது. பணத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் ஒருத்தரைக் கட்டிப்போட மாட்டார்கள். ஆனால் அந்த லெட்டர் வந்து, தொகை கட்டுப்படியாகும் என்று நீங்கள் ஒத்துக்கொண்ட பிறகு, இழுத்தடிக்கக் கூடாது. உடனே வாபஸ்.

லெட்டர் வந்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து சந்தோஷப்படாதீர்கள். அதில் திருப்பிக் கட்ட வேண்டாத கிரான்ட் எவ்வளவு, கடன் எவ்வளவு, கேம்பஸ் வேலையில் சம்பாதிக்கச் சொல்வது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் கிளாஸ் நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம்தான் கேம்பஸில் வேலை செய்யலாம், அதனால் அந்த வரியை நம்பி வீட்டு பட்ஜெட் போட முடியாது. அமெரிக்க அரசாங்க உதவி நம் பிள்ளைகளுக்குக் கிடையாது, காலேஜ் தன் கையிலிருந்து தருவதுதான். மெடிக்கல் இன்ஷூரன்ஸும் விமான டிக்கெட்டும் கணக்கில் வந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், பல லெட்டரில் டிக்கெட் இருக்காது. ஃபீஸ் வருஷா வருஷம் ஏறும், உதவியும் சேர்ந்து ஏறுமா என்று கேட்டுவிடுங்கள்.

தொகை போதவில்லை என்றால் நேராக "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். எய்ட் ஆபீஸுக்கு எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். ஜாப் ஒர்க்கில் ஆர்டர் வரும் மாதம் ஒரு மாதிரி, வராத மாதம் ஒரு மாதிரி இல்லையா, அவர்கள் ஒரு வருஷத்து ரிட்டர்னை வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். ஆர்டர் குறைந்ததற்குக் கணக்கு இருந்தால் அதைச் சேர்த்து அனுப்புங்கள். அதற்குப் பிறகும் கட்டுப்படியாகவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம். அது நியாயமான காரணம், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது அவசரம் அந்த ஆடிட்டர் பேப்பர்தான். ஜனவரி கடைசித் தேதிகளுக்கு முன்னால் லெட்டர் வந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாலாஜா பாலா

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? வாபஸ் வாங்கலைன்னா வீட்டுக்கு போலீஸா வரப்போகுது?

சும்மா சொல்லவில்லை. இந்த ஏர்லி டிசிஷன் முறையே பணம் இருப்பவனுக்குச் செய்தது. விலை என்னவென்று தெரியாமலேயே "கிடைத்தால் வருகிறேன்" என்று சத்தியம் செய்ய யாரால் முடியும்? எவ்வளவு கேட்டாலும் கட்ட முடிந்தவனால்தான். நம்மை மாதிரி ஆட்கள் நாலு காலேஜ் என்ன தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கட்டுப்படியாகும், அந்த ஒப்பீட்டைத்தான் இவர்கள் தடுக்கிறார்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலேயே மாணவர்கள் சிலர் இதே விஷயத்துக்காக 32 காலேஜ்கள் மீது கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார்கள், போட்டியை ஒழித்து ஃபீஸை ஏற்றுகிறீர்கள் என்று. காலேஜ் ஆயிரம் பேரை வெயிட்டிங் லிஸ்டில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், மாணவன் மட்டும் ஒன்றோடு நிற்கணுமா?

ரெகுலர் ரிசல்ட் எல்லாம் மார்ச் கடைசியில் வரும். அது வரை பேசாமல் இருங்கள். எது அதிகம் தருகிறதோ அதில் போகட்டும்.

தொரப்பாடி டீச்சர்

நான் வேலூரில் ஒரு ஸ்கூலில் பிளஸ் டூ பிள்ளைகளின் வெளிநாட்டு அப்ளிகேஷன்களைப் பார்க்கிறேன். பாலா தம்பி சொல்வதில் முதல் பாதியோடு எனக்குச் சண்டையே இல்லை. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளிடம் ஏர்லி டிசிஷன் போடுவதற்கு முன் காலேஜ் வெப்சைட்டில் இருக்கும் உதவி போக எவ்வளவு கட்டணும் என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் கணக்குப் போட்டுப் பார் என்றுதான் நான் சொல்வேன், அதுவும் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல காலேஜில் சரியாக வராது. முறை நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் இரண்டாவது பாதி ரொம்ப ஆபத்தான யோசனை.

அந்த ஒப்பந்தத்தில் மூன்று கையெழுத்து: மாணவி, பெற்றோர், ஸ்கூல் கவுன்சிலர். நம் பக்கத்து ஸ்கூல்களில் கவுன்சிலர் என்று தனி ஆள் இருப்பது அபூர்வம், பிரின்சிபலோ என்னைப் போல ஒருத்தரோ போடுகிறோம். ஒரே ஒரு காலேஜுக்குத்தான் ஏர்லி டிசிஷன், கிடைத்தால் மற்றதெல்லாம் வாபஸ் என்று நாங்களும் சேர்ந்து உறுதி சொல்கிறோம். "யாருக்குத் தெரியப் போகிறது" என்பதற்கும் பதில் அதே தாளில் இருக்கிறது: அட்மிஷன் கொடுத்தால் மாணவியின் பெயரையும் ஒப்பந்தத்தையும் மற்ற காலேஜுகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று. போலீஸ் வராது தம்பி, சரிதான். இரண்டு காலேஜும் சேர்ந்து கையை விரித்தால் அதற்கு எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது?

மாணவி தப்பித்தாலும் ஸ்கூல் மாட்டும். கொலராடோவில் ஒரு ஸ்கூல் மாணவர் ஏர்லி டிசிஷனில் இடம் வாங்கிவிட்டுப் போகவில்லை என்பதற்காக, அந்த ஸ்கூல் பிள்ளைகள் யாரும் ஒரு வருஷத்துக்கு ஏர்லி டிசிஷனில் போட முடியாது என்று டுலேன் பல்கலைக்கழகம் அறிவித்தது, 2025-ல் பெரிய செய்தியாக வந்தது. அது பேர் போன பெரிய ஸ்கூல், தாங்கிக்கொள்ளும். வேலூரிலிருந்து ஒரு அமெரிக்கக் காலேஜுக்கு முதல் முதலாக ஒரு பெண் போகிறாள் என்றால், அந்த அட்மிஷன் ஆபீஸுக்கு எங்கள் ஸ்கூலைப் பற்றித் தெரிந்தது அவள் ஒருத்திதான். அடுத்த வருஷம் குடியாத்தத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ ஒரு பிள்ளை அதே ஸ்கூல் பெயரைப் போட்டு அப்ளை செய்யும்போது, இவள் செய்ததும் அந்த ஃபைலோடு போகும்.

இன்னொரு விஷயம், இதை உங்கள் அண்ணனுக்கு நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். விசாவுக்காக மற்ற காலேஜுகளைக் கையில் வைத்திருப்பது என்ற கணக்கே சரி இல்லை. எந்த அமெரிக்கக் காலேஜாக இருந்தாலும் அதே சென்னை கான்சுலேட், ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்தில் அதே வரிசை, அதே கேள்விகள். படித்து முடித்துத் திரும்பி வருவாளா, பணம் எங்கிருந்து வருகிறது, இதில் திருப்தி இல்லை என்று ஒரு காலேஜின் ஐ-20-க்கு (விசாவுக்காகக் காலேஜ் தரும் தாள்) விசா மறுத்தால், இன்னொரு காலேஜ் ஐ-20 கொண்டு போனதால் மட்டும் நிலைமை மாறிவிடாது. ஆக இருபது அப்ளிகேஷன் திறந்து கிடந்தாலும் விசா பயத்துக்கு அது மருந்து இல்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது: விசா தள்ளிப்போனால் அடுத்த செமஸ்டருக்கோ அடுத்த வருஷத்துக்கோ சீட்டை ஒத்தி வைப்பீர்களா, உதவித்தொகையும் கூடவே வருமா என்று காலேஜிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள். முதல் வருஷச் செலவுக்குக் காட்டவேண்டிய பேங்க் சர்டிஃபிகேட்டைத் தயார் செய்யுங்கள், அது இல்லாமல் ஐ-20 வராது. மே மாசம் ஓடிப்போய் நகையை வைத்துக் கணக்கில் பணம் போட்டால் அது கேள்வியைத்தான் கிளப்பும்.

நம் ஊரில் சீட்டைப் பிடித்து வைத்துவிட்டு ரீஃபண்ட் வாங்குகிறோமே என்பது வேறு ஏற்பாடு. நம் கவுன்சிலிங்கில் விட்ட சீட் அடுத்த ரவுண்டில் போகும், விதியே அப்படி. ஏர்லி டிசிஷனில், கிடைத்தால் வருகிறேன் என்று சொன்னதால்தான் டிசம்பரிலேயே சீட் கிடைத்தது.

காட்பாடி சித்தப்பா

ரொம்ப நன்றி மேடம், நன்றி அம்மா. பாலா, நீங்கள் எழுதியதை அண்ணனிடம் காட்டினால் உங்களை வீட்டுக்கே கூப்பிட்டு மக்கன் பேடா கொடுப்பார், அதனால் காட்டவில்லை.

ஜெமினி மேம்பாலத்து விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் கொஞ்சம் அமைதியாகிவிட்டார். ஆனால் இப்போது வேறு கேள்வி. பெண் வி.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கு அப்ளை பண்ணியிருக்கிறாள், ஜனவரியில் ஜே.இ.இ. மெயினும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எந்த நாட்டிலும் வேறு யுனிவர்சிட்டிக்குப் புதிதாக அப்ளை செய்யக்கூடாது என்று இருக்கிறதே, இதையும் விடணுமா? விசா வராவிட்டால் பிள்ளை வீட்டில் சும்மா உட்காரணுமா என்று அண்ணி கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று, வாபஸ் வாங்குவதற்கு காமன் ஆப்பில் பட்டனைத் தேடித் தேடிப் பார்த்தாள், காணோம்.

தொரப்பாடி டீச்சர்

அண்ணி கேட்டது சரியான கேள்வி. பரீட்சை எழுதுவது வேறு, ஒரு யுனிவர்சிட்டியில் சேர விண்ணப்பிப்பது வேறு. ஜே.இ.இ. மெயின் ஒரு பரீட்சை, எந்தக் காலேஜுக்கும் நேரடி விண்ணப்பம் இல்லை, எழுதலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். நம் தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கான பதிவு எப்படியும் கோடையில்தான், அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். வி.ஐ.டி. கொஞ்சம் இடைப்பட்டது, ஏனென்றால் தேர்வு விண்ணப்பமே அந்த யுனிவர்சிட்டிக்கான விண்ணப்பமும்தான். எழுத்துப்படி பார்த்தால் அதுவும் வாபஸ் லிஸ்டில் வரும். அதனால் ஊகத்தில் முடிவு எடுக்காதீர்கள், அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு மெயில்: நான் கண்டிப்பாக வருகிறேன், விசா மறுக்கப்பட்டால் இந்தியாவில் படிப்பைத் தொடர ஒரு வழி வேண்டும், அதற்காக இந்த நுழைவுத் தேர்வை எழுதலாமா. இதை மறைக்காமல் கேட்கும் பிள்ளையை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் படிப்பை விட்டுவிடப் போகிறாள், பார்த்துக்கொள்ளுங்கள். அட்மிஷன் கிடைத்துவிட்டது என்று பிப்ரவரி போர்டு எக்ஸாமைக் கோட்டை விட்டால், இறுதி மார்க் ஷீட் பார்த்துவிட்டு கொடுத்த இடத்தையே ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

சத்துவாச்சாரி அம்மா

காமன் ஆப்பில் பட்டன் கிடையாதுங்க. ஒரு தடவை அனுப்பிவிட்டால் அது அந்தந்த காலேஜ் கைக்குப் போய்விடும், அதனால் ஒவ்வொன்றாகத்தான் வாபஸ் வாங்கணும். பாதி எழுதி அனுப்பாமல் இருப்பதை ஒன்றும் செய்ய வேண்டாம், அனுப்பாமல் விட்டாலே போதும். கட்டின ஃபீஸ் திரும்பி வராது, அதை மறந்துவிடுங்கள்.

அப்ளை செய்ததும் ஒவ்வொரு காலேஜும் ஒரு போர்ட்டல் லிங்க் அனுப்பியிருக்கும். அதில் உள்ளே போனால் சில இடத்தில் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் வாபஸ் பெறும் ஃபார்ம் இருக்கும், காரணம் கேட்கும், வேறு காலேஜில் ஏர்லி டிசிஷனில் சேர்கிறேன் என்று உண்மையைப் போடலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த லிங்க் இல்லாத இடத்தில் அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில். நீளமாக எழுத வேண்டாம். அப்ளிகேஷன் நம்பர், பிறந்த தேதி, பெயர், வேறு காலேஜில் ஏர்லி டிசிஷனில் இடம் கிடைத்துவிட்டதால் என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், நன்றி, அவ்வளவுதான். அப்ளை செய்யும்போது கொடுத்த அதே மெயில் ஐடியிலிருந்து அவளே அனுப்பட்டும், சித்தப்பா மெயிலிலிருந்து போனால் யார் எவர் என்று கேட்டுத் திரும்பி வரும்.

பெயர் விஷயத்தில் மட்டும் கவனம். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒரு பெரிய தொல்லை. ஸ்கூலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், காமன் ஆப் கடைசிப் பெயர் இல்லாமல் விடாது என்பதால் அங்கே அப்பா பெயர். எந்தப் பெயரில் அப்ளிகேஷன் போனதோ எழுத்து மாறாமல் அதையே மெயிலில் போடுங்கள், இல்லையென்றால் ஃபைலைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். கையோடு பாஸ்போர்ட்டையும் பார்த்துவிடுங்கள். அதில் சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் அவள் பெயரையே சர்நேமாகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது) என்று அச்சடித்துவிடுவார்கள். அங்கே போன பிறகு பேங்க்கில் இருந்து எல்லா இடத்திலும் அந்தப் பெயர் துரத்தும். நேரம் இருக்கும்போதே சரிசெய்வது நல்லது.

வாலாஜா பாலா

டீச்சர் சொன்ன ஜூனியர் பிள்ளைகள் விஷயம் யோசிக்க வேண்டியதுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். முறை மோசம் என்பதில் மாற்றம் இல்லை.

சித்தப்பா, ஒன்று மட்டும். எய்ட் லெட்டரில் தொகை போதாமல் இருந்தால் மரியாதைக்காகத் தலையாட்டிவிடாதீர்கள். கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்று அண்ணனிடம் பேச்சு வரும், எங்கள் சொந்தத்தில் பார்த்திருக்கிறேன். நாலு வருஷம், டாலர் ஏறிக்கொண்டே போகிறது.

காட்பாடி சித்தப்பா

நிலவரம் சொல்லிவிடுகிறேன். ஆடிட்டர் பேப்பர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே லெட்டர் வந்துவிட்டது. பெரும்பகுதி கிரான்ட், கடன் இல்லை, ஆனால் அம்மா சொன்ன மாதிரியே டிக்கெட் இல்லை, இன்ஷூரன்ஸ் தனி. அண்ணன் யூனிட்டில் போன வருஷம் ஆர்டர் நின்ற மாதங்களின் ஜி.எஸ்.டி. ரிட்டர்னை எல்லாம் சேர்த்து மறுபரிசீலனைக்கு எழுதினோம். இன்ஷூரன்ஸை அவர்களே ஏற்றுக்கொள்வதாக நேற்று பதில் வந்தது. டிக்கெட் நம்மால் முடியும். அண்ணன் உட்கார்ந்து நாலு வருஷத்துக்கும் பென்சிலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு சரி என்று சொல்லிவிட்டார்.

நுழைவுத் தேர்வு பற்றிக் கேட்டதற்கு, தேர்வு எழுதிக்கொள், எங்கும் சேர்வதாக உறுதி கொடுக்காதே, விசா சிக்கல் வந்தால் முதலில் எங்களிடம் சொல், ஒத்தி வைப்பது பற்றிப் பேசலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மெயிலை அண்ணி பிரின்ட் எடுத்து பீரோவில் வைத்துவிட்டார்.

இன்றைக்கு ராத்திரி பெண் உட்கார்ந்து ரெகுலர் டிசிஷன் காலேஜ் எல்லாவற்றிலும் வாபஸ் போடுகிறாள். ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு, முடிவை மட்டும் சீக்கிரம் சொல்லும் ஏர்லி ஆக்‌ஷனில் போட்டிருந்தோம், ரிசல்ட் ஜனவரி கடைசியில். அது கட்டுப்படுத்தாத வகைதானே, அதை அப்படியே விட்டுவிடலாமா?

தொரப்பாடி டீச்சர்

விடக்கூடாது, அதுவும் லிஸ்டில் சேர்த்தி. கட்டுப்படுத்தாது என்பது அந்த யுனிவர்சிட்டியோடு உங்களுக்கு உள்ள கணக்கு. நீங்கள் கட்டுப்பட்டது இந்தக் காலேஜுக்கு, ரிசல்ட் வராத எல்லா அப்ளிகேஷனும் அதில் அடக்கம். எல்லாவற்றிலும் வாபஸ் ஆனது என்று போர்ட்டலில் மாறியதும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்கூலுக்கு ஒரு காப்பி அனுப்பச் சொல்லுங்கள், அரையாண்டு மார்க்கை எந்தக் காலேஜுக்கு அனுப்புவது, எதற்கு நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியணும். டெபாசிட் கட்ட கடைசித் தேதி லெட்டரிலேயே இருக்கும், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று முதல் நாளே பேங்க்கில் கேட்டுவிடுங்கள்.